அப்ளிகேஷன் போடாதது யாரு?

"உங்க ஆட்கள் அப்ளிகேஷன் போடுறதே இல்லையே, பிறகு எப்படி எடுக்கிறது?"

தோட்டத்துப் பிள்ளைகள் அம்புலன்ஸ் வேலையில் ஏன் இல்லை என்று கேட்டால் கிடைக்கிற பதில் இது. பதுளையிலும் கேட்டிருக்கிறோம், கொழும்பிலும் கேட்டிருக்கிறோம், நம்ம தொழிற்சங்க அண்ணன்மார் வாயாலயும் கேட்டாச்சு. சொல்கிறவர்கள் இதோடு பேச்சு முடிந்தது என்று நினைக்கிறார்கள். எங்களுக்கு இங்கேதான் பேச்சு ஆரம்பிக்குது.

மடுல்சீமையில் உயர்தரம் முடித்த ஒரு பிள்ளை அவசர மருத்துவ உதவியாளர் வேலைக்கு (ஈ.எம்.டி. என்றால்தான் எல்லாருக்கும் விளங்கும்) விண்ணப்பிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். விளம்பரம் சிங்களத்தில் வரும், இல்லை என்றால் ஆங்கிலத்தில். யாரோ ஒரு அக்கா அதை வாட்ஸ்அப்பில் தமிழாக்கி அனுப்பும்போது முடிவு திகதிக்கு ரெண்டு நாள் இருக்கும். சரி, ராத்திரியோட ராத்திரியா நிரப்பி அனுப்பியாச்சு. முகவரிக் கட்டத்தில் என்ன எழுதுவது? லயத்துக்கு ஏது முகவரி? தோட்டத்துப் பெயர், டிவிஷன் பெயர், அவ்வளவுதான். கடிதம் தோட்ட ஆபிஸுக்குப் போகும். அங்கே மேசையில் கிடக்கும். நேர்முகப் பரீட்சை முடிந்த பிறகு யாராவது கொழுந்து நிறுக்கிற இடத்தில் அம்மா கையில் கொடுப்பார்கள். இதற்குப் பெயர்தான் "போடுறதே இல்லை".

இந்த முகவரிக் கதையை வெறும் தபால் பிரச்சினை என்று நினைக்காதீங்க. அதே இல்லாத முகவரிக்குத்தான் அம்புலன்ஸும் வரவேண்டும். 1990க்கு அழைக்கிறோம். அந்தப் பக்கம் தமிழிலேயே பேசுகிறார்கள் என்று வைத்துக்கொண்டாலும், எங்கே வரச் சொல்வது? நம்ம தோட்டங்கள் பலதுக்கு ரெண்டு பெயர். வரைபடத்தில் இருப்பது வெள்ளைக்காரன் வைத்த பெயர், நம்ம வாயில் இருப்பது வேறொரு தமிழ்ப் பெயர். "மேல் கணக்கு, பழைய ஸ்டோருக்கு மேல, ரெண்டாவது லயம்" என்று சொன்னால் இங்கே பிறந்த பிள்ளைக்கு ரோட்டு எங்கே முடியுது, எங்கிருந்து தூக்க வேண்டும் என்பது வரைக்கும் தெரியும். ஜிபிஎஸ்ஸுக்குத் தெரியாது.

பாஷையும் அப்படித்தான். ஐம்பத்தைந்து வயசு ஐயா ஒருத்தர் வேர்த்துக் கொட்டி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கேட்டால் "வாய்வு புடிச்சிருச்சு" என்பார். அதை அப்படியே மொழிபெயர்த்தால் வெறும் காஸ். நம்ம லயத்துப் பிள்ளைக்கு அந்த "வாய்வு" மாரடைப்பாக இருக்கலாம் என்று சட்டென்று உறைக்கும். ஏனென்றால் அப்படிச் சொல்லிக்கொண்டே போன தாத்தாவை அது பார்த்திருக்கும். குளவிக் கொட்டு இன்னொன்று. மலையில் கொழுந்து எடுக்கும்போது கூடு கலைந்தால் பத்துப் பதினைந்து பேர் ஒரே நேரத்தில் விழுவார்கள். ஒவ்வாமை அதிர்ச்சி வந்தவருக்கு முதல் மருந்து அட்ரினலின் ஊசி, தொடையின் வெளிப்பக்கத் தசையில். அதற்கு இருக்கிறது நிமிஷக் கணக்குத்தான். யாருக்கு மூச்சு இழுக்குது, யாருக்கு வெறும் வீக்கம் என்று ஆளாளுக்கு தமிழில் கேட்டுப் பிரிக்க ஒரு ஆள் வேண்டாமா? நம்ம ஊரில் இன்னும் பல இடத்தில் கொழுந்து லொறிதான் அம்புலன்ஸ். பின்னால் நோயாளியோடு உட்காருவது அழுகிற சொந்தக்காரர்கள்.

2021 மார்ச் 20, லுணுகலையிலிருந்து கொழும்பு போன பஸ் பசறை 13ஆம் கட்டையில் பள்ளத்தில் விழுந்ததே, பதினான்கு பேருக்குக் குறையாமல் செத்தார்களே. அன்றைக்கு பொலிஸோடும் இராணுவத்தோடும் அக்கம்பக்கத்து ஆட்களும் பள்ளத்தில் இறங்கினார்கள். அவங்களுக்கு மனசு இருந்தது, கை இருந்தது. முதுகெலும்பு உடைந்தவரை எப்படித் தூக்கவேண்டும் என்று யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. சொல்லிக்கொடுக்க முடியாத விஷயமா அது?

1990 சுவசெரியவையே எடுத்துக்கொள்ளுங்கள். 2016 ஜூலையில் இந்திய நன்கொடையில் மேல், தென் மாகாணங்களில் தொடங்கியது. அப்போது நடத்தியது ஹைதராபாத்தின் ஜி.வி.கே. ஈ.எம்.ஆர்.ஐ. 2018ல் தனிச் சட்டம் வந்தது, பிறகு நாடு முழுக்க விரிந்தது. காசு வாங்காத சேவை, இந்த நாட்டில் ஒழுங்காக நடக்கிற கொஞ்சம் விஷயங்களில் ஒன்று. நாங்கள் அதைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் ஆரம்பத்தில் நம்ம நாட்டுப் பிள்ளைகளை பயிற்சிக்கு ஹைதராபாத் வரைக்கும் அனுப்ப முடிந்தது. அப்படியிருக்க தமிழில் ஒரு பயிற்சியை பதுளை வரைக்கும் கொண்டுவர முடியாது என்று சொன்னால் நாங்க நம்பணுமா?

இதுக்கிடையில் கொழும்புத் தனியார் அம்புலன்ஸ் கம்பெனிகள் கூப்பிடுது. போகாதே என்று சொல்ல எங்களுக்கு உரிமை இல்லை, வீட்டில் அடுப்பு எரியணும். எங்களில் ஒருவர் போன இடத்தில் முதுகில் ஈ.எம்.டி. என்று அச்சடித்த டீசேர்ட் முதல் நாளே கிடைத்தது. பிரஷர் பார்க்கக் கற்றுக்கொடுத்தது மூன்றாவது மாதம். அதுவரைக்கும் ஸ்ட்ரெச்சர் தூக்கினார், வண்டி கழுவினார். இதில் ஏமாந்தது அவர் மட்டுமில்லை, அந்த டீசேர்ட்டை நம்பி வண்டியில் ஏறின நோயாளியும்தான். ஆகவே போகிற தம்பி தங்கைகளே, கையெழுத்துப் போடும் முன் கேளுங்க: பயிற்சி யார் கொடுக்கிறார்கள், எத்தனை மணி நேரம், சான்றிதழ் வேறு இடத்தில் செல்லுமா? ஷிஃப்ட் எத்தனை மணி? ஈ.பி.எஃப். கட்டுவார்களா? ஊசி குத்தினால் தொற்றக்கூடிய ஹெபடைட்டிஸ் பி-க்குத் தடுப்பூசி போடுவார்களா? கேட்டால் முகம் சுளிக்கிற கம்பெனி என்றால் அந்த முகச்சுளிப்பே பதில். "பயிற்சிக் கட்டணம் கட்டுங்க, வேலை நிச்சயம்" என்கிறவனிடம் கேள்வியே வேண்டாம், திரும்பி வாங்க. தமிழ்நாட்டில் 2008லிருந்து ஓடுகிற 108 சேவையிலும் 12 மணி நேர ஷிஃப்ட்டுக்கு எதிராக ஊழியர்கள் வருஷக்கணக்கில் கத்திக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

"தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் வராது" என்கிற பேச்சுக்கு அமெரிக்காவில் ஒரு பழைய பதில் இருக்கிறது. பிட்ஸ்பர்க் நகரத்தில் ஹில் டிஸ்ட்ரிக்ட், பெயரே மலைதான், ஏழைக் கறுப்பின மக்களின் பகுதி. 1960களில் அங்கே ஆளுக்கு ஏதாவது ஆனால் வந்தது பொலிஸ் வேன். அள்ளிப் போட்டுக்கொண்டு போவார்கள், பின்னால் கவனிக்க ஆளில்லை. நம்ம லொறி மாதிரியே. 1967ல் ஃப்ரீடம் ஹவுஸ் என்ற அமைப்பு அங்கே அம்புலன்ஸ் சேவைக்கு அடித்தளம் போட்டது. வேலைக்கு லாயக்கில்லை என்று ஒதுக்கப்பட்ட இளைஞர்களை எடுத்து, பீட்டர் சாஃபர் என்ற மருத்துவர் வகுத்த திட்டப்படி சுமார் 300 மணி நேரம் பயிற்றுவித்தது. சிலர் பள்ளிப் படிப்பையே முடிக்காதவர்கள். அமெரிக்காவின் முதல் பாராமெடிக்குகளில் அவர்கள் அடக்கம். கதை அங்கே முடிந்திருந்தால் சந்தோஷம். 1975ல் நகரசபை தன் சொந்தச் சேவையைத் தொடங்கி ஃப்ரீடம் ஹவுஸை மூடியது. அந்த இளைஞர்களில் பலர் பரீட்சை, தகுதி என்று வடிகட்டி வெளியே தள்ளப்பட்டார்கள். மலைக்குச் சேவை வந்தால் மட்டும் போதாது, அந்த வேலை யார் கையில் இருக்கும் என்பதையும் எழுத்தில் வாங்கவேண்டும் என்று நாங்கள் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான்.

தலைவர் படம் ஒட்டிய வேனைத் தோட்டத்துக்குக் கையளிக்கிற விழாக்கள் நிறையப் பார்த்தாச்சு. வேனுக்கு மாலை போடுவார்கள், உள்ளே உட்காரப் போகிற ஆளைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. எங்களுக்கு மாலை வேண்டாம். விளம்பரம் மூன்று மொழியிலும் ஒரே நாளில் வரட்டும். நேர்முகப் பரீட்சை பதுளையில், தமிழிலும் நடக்கட்டும். அழைப்பை லயத்துக்குக் கடிதமாக அனுப்பாமல் போனுக்கு அனுப்பட்டும். ஒரு வண்டி பசறை டவுனோடு நிற்காமல் மடுல்சீமையிலேயே நிற்கட்டும்.

அடுத்த அரச விளம்பரம் தமிழில் இல்லாமல் வந்தால், புலம்பிவிட்டு ஸ்க்ரோல் பண்ணாதீங்க. ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு எழுதுங்க. 1991ஆம் வருஷச் சட்டம் அதற்குத்தான் அதை உண்டாக்கியது. தமிழிலேயே எழுதலாம். எழுத உதவி வேண்டுமென்றால் எங்களுக்கு ஒரு மெசேஜ் போடுங்க, உட்கார்ந்து சேர்ந்து எழுதுவோம்.