ஆற்றங்கரையில் விட்டுப்போன மணல்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் மோவாப் என்ற சிற்றூர். அதை ஒட்டி ஓடும் கொலராடோ ஆற்றின் கரையில் 1.6 கோடி டன் யுரேனியக் கழிவு மணல் பல ஆண்டுகள் குவிந்து கிடந்தது. சுமார் 4 கோடி மக்களுக்குத் தண்ணீர் தரும் ஆறு அது.

தாதுவிலிருந்து யுரேனியத்தைப் பிரித்த பிறகும் கதிரியக்கத்தில் சுமார் 85 சதவீதம் கழிவிலேயே தங்கிவிடுகிறது. ரேடியம் அதில் இருக்கிறது. ரேடான் வாயு கசிகிறது. மணலைக் குவித்த யுரேனிய ஆலை 1984இல் நின்றது. குவியலை அங்கேயே மூடிவிடலாம் என்றது ஆலையை நடத்திய அட்லஸ் நிறுவனம்; அதுவும் 1998இல் திவாலானது. செலவு வரி கட்டும் மக்களின் தலையில் விழுந்தது.

2005இல் அரசு எடுத்த முடிவு சரியானது: குவியலையே இடம் மாற்றுவது. 2009இல் வேலை தொடங்கியது. ஈர மணலை உலர்த்தி, மூடியுள்ள இரும்புப் பெட்டிகளில் அடைத்து, ரயிலேற்றி, 48 கிலோமீட்டர் தள்ளி கிரசென்ட் ஜங்ஷனில் தோண்டிய பள்ளத்தில் கொட்டி இறுக்கினார்கள். மேலே மண், அதன்மேல் பாறைக்கற்கள். ஆண்டுக்கணக்கில் இதே வேலை!

ஆற்றங்கரையில் மூடி வைத்திருந்தால் ஒரு பெருவெள்ளம் போதும். கழிவு ஆற்றில் கலந்த கதை முன்பே உண்டு: அமெரிக்காவிலேயே சர்ச் ராக் என்ற இடத்தில் 1979இல் யுரேனியக் கழிவுக் குளத்தின் அணை உடைந்து, நவஹோ பழங்குடி மக்கள் ஆடு மேய்த்த புவெர்கோ ஆற்றில் நஞ்சு கலந்தது.

ஆகவே சுரங்கமோ ஆலையோ திறக்கும் நாளிலேயே மூடும் செலவையும் நிறுவனத்திடம் முழுதாக வாங்கி வைக்க வேண்டும். கழிவின் மேல் போடும் மூடிகள் இயன்றவரை 1,000 ஆண்டு, எப்படியும் குறைந்தது 200 ஆண்டு தாங்க வேண்டும் என்பது அமெரிக்க விதி. ரேடியம் பாதியாகவே 1,600 ஆண்டு ஆகும்.