கோழியை விடுங்கள், கூண்டைப் பாருங்கள்

ஆறுமுகப் பெருமான் தம் கொடியில் வைத்துப் பெருமைப்படுத்திய பறவைக்கு, அப்பெருமான் கோயில் கொண்ட மலையின் அடிவாரத்திலேயே இராத் தூக்கம் இல்லையென்றால் யாராவது நம்புவார்களா? ஆயினும் உண்மை அதுதான். திருத்தணியில் கொல்லைப்புறம் உள்ள பல வீடுகளில், பொழுது சாய்ந்ததும் கோழிகள் கூண்டுக்குள் போக மறுக்கின்றன. முருங்கை மரத்திலும் மதிற்சுவரிலும் ஏறி உட்கார்ந்துகொண்டு சத்தியாக்கிரகம் செய்கின்றன. "இந்தக் கோழிக்கு வந்த திமிரைப் பார்!" என்று வீட்டார் கோலை எடுக்கிறார்கள். திமிர் ஒன்றுமில்லை. கூண்டுக்குள் அவற்றின் இரத்தத்தைக் குடிப்பதற்கு ஒரு பெருஞ்சேனை காத்திருக்கிறது. அந்தச் சேனைக்குத்தான் 'செல்' என்று பெயர்.

1960-ம் வருஷம் ஏப்ரல் 1-ந் தேதி எங்கள் ஊர் ஆந்திரப் பிரதேசத்திலிருந்து சென்னை ராஜ்யத்துக்கு வந்து சேர்ந்தது. எல்லைக்கோடு நகர்ந்ததே தவிர, ஜனங்களின் பேச்சு நகரவில்லை. ஒரு வீட்டில் 'கோழி' என்பார்கள். அடுத்த வீட்டில் 'கோடி' என்பார்கள். செல்லுக்கு மட்டும் பாஷை பேதம் கிடையாது. இரு வீட்டுக் கூண்டையும் ஒரே ராத்திரியில் சமமாகப் பாவிக்கிறது.

எங்கள் தெருக்கோடியில் ஓர் அம்மாள் இருக்கிறார். தறிக்கு நூல் சுற்றிக் கொடுத்து வரும் கூலி அரிசிக்குச் சரியாகப் போய்விடும். ஏழு பெட்டைக் கோழிகளின் முட்டைப் பணத்தில்தான் பெண்ணின் நோட்டுப் புத்தகமும் எண்ணெயும் சோப்பும் நடக்க வேண்டும். ஒரு நாள் அவர் கையில் ஒரு புட்டியோடு எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார்.

"வாத்தியாரையா, பன்னிரண்டு முட்டை வைத்து அடையில் உட்கார வைத்தேன். பதினாலாம் நாள் கோழி எழுந்து போனது, திரும்பி வரவேயில்லை. முட்டையெல்லாம் ஜில்லிட்டுப் போய்விட்டது. திருஷ்டிதான் என்று மிளகாய் சுற்றிப் போட்டேன். எனக்கும் பெண்ணுக்கும் உடம்பெல்லாம் அரிக்கிறது. வயலுக்குத் தெளிக்கிற மருந்தாம், இரண்டு மூடி கலந்து கோழி மேல் தெளிக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். இதில் எழுதியிருப்பதைக் கொஞ்சம் படித்துச் சொல்லுங்கள்" என்றார்.

புட்டியில் எழுதியிருந்தது நெற்பயிருக்கான பூச்சி விஷம். அதைப் பிற்பாடு கவனிப்போம். அந்த அம்மாள் சொன்ன 'பதினாலாம் நாள்' என்பதில்தான் விஷயம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

செல் என்பது எட்டுக்கால் ஜந்து. உண்ணிக்கும் சிலந்திக்கும் உறவு. நீளம் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். பசித்திருக்கும்போது சாம்பல் நிறம், குடித்த பிறகு செந்நிறம். இதில் நாம் அறிய வேண்டிய வகைகள் இரண்டு. ஒன்று, 1778-ல் டி கீர் என்ற சுவீடன் தேசத்துப் பண்டிதர் வர்ணித்த சிவப்புச் செல். இது பகலெல்லாம் மூங்கிற் கழியின் பிளவிலும், பலகை இடுக்கிலும், ஆணித் துளையிலும் ஒளிந்திருந்து, இருட்டிய பின் கோழியின்மேல் ஏறி வயிறு நிறையக் குடித்துவிட்டு, விடிவதற்குள் இடுக்குக்குத் திரும்பிவிடும். மற்றொன்று, நம்மைப் போன்ற வெப்ப தேசங்களில் மிகுதியாக உள்ள வகை. இது கோழியின் இறகுக்குள்ளும் தங்கும். அடை வைத்த கூடையின் வைக்கோலிலும் பெருகும்.

வெயிற் காலத்தில் இவை முட்டையிலிருந்து முழு வளர்ச்சி அடைய ஏறக்குறைய ஒரு வாரமே போதும். கோழிமுட்டை பொரிவதற்கோ 21 நாள் வேண்டும். கணக்கைப் பாருங்கள்: கோழி ஒரு தலைமுறையைப் பெறுவதற்குள் செல் மூன்று தலைமுறையைப் பெற்றுவிடுகிறது! முதல் வாரத்தில் பத்து இருந்தால், இரண்டாம் வார முடிவில் கூடை முழுவதும் அதுவே. அசையாமல் உட்கார்ந்திருக்கும் தாய்க்கோழி எத்தனை நாள் பொறுக்கும்? பொறுத்தால் இரத்தம் வற்றிக் கொண்டை வெளுக்கிறது. பொறுக்காவிட்டால் முட்டையை விட்டு எழுந்துவிடுகிறது. பிறகு செல்லுக்கு இரை ஏது? மனிதரை நாடி வருகிறது. நம் உடம்பில் அது குடியிருந்து பெருகாது; ஆனால் கடித்து அரிப்பை உண்டாக்கும். திருஷ்டியின் மர்மம் இவ்வளவுதான்.

இதனாலேயே, பட்டப்பகலில் கோழியைப் பிடித்துச் சிறகை விரித்துப் பார்த்துவிட்டு "ஒன்றும் இல்லையே" என்று சொல்வதில் பயனில்லை. திருடன் அகப்படும் நேரமும் இடமும் வேறு. இருட்டி இரண்டு மணி நேரம் கழித்து, ஒரு வெள்ளைத் துணியால் கோழி உட்காரும் கழியின் அடிப்பாகத்தை அழுத்தித் துடையுங்கள். துணியில் சிவப்புக் கோடுகள் படிந்தால் சந்தேகம் தீர்ந்தது. அன்றிரவு நாங்கள் அந்த அம்மாளின் கூண்டில் அப்படித் துடைத்தபோது, துணி குங்குமம் தடவினாற்போல் ஆயிற்று.

இனி நிவாரணம். இதில் காசு செலவைக் காட்டிலும் கை வேலையே அதிகம்.

முதலில் கூண்டைக் காலி செய்து, அடியில் கிடக்கும் எச்சத்தையும் பழைய வைக்கோலையும் சுரண்டி எடுத்துத் தூரத்தில் கொளுத்திவிட வேண்டும். கழற்றக்கூடிய கழி, பலகை எல்லாவற்றையும் கழற்றிக் கொதிக்கும் நீரை இடுக்கு இடுக்காக ஊற்ற வேண்டும். பிறகு வெயிலில் போட வேண்டும். 45 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட உஷ்ணத்தைச் செல் தாங்காது. சித்திரை வைகாசியில் திருத்தணி வெயிலைக் குறித்து நாம் எவ்வளவோ புலம்புகிறோம்; நடுப்பகலில் ஒரு பலகையைக் கருங்கல்லின்மேல் கிடத்தித் திருப்பித் திருப்பிப் போட்டால், அந்த வெயிலே விலையில்லா மருந்து. உலர்ந்த பின் கெட்டியான சுண்ணாம்புக் கரைசலால் எல்லா வெடிப்பையும் அடைத்துவிடுங்கள். பிளவுபட்ட மூங்கிலை எறிந்துவிட்டு, வழவழப்பான முழுக் கழியைப் போடுங்கள். ஒளிய இடமில்லாத திருடன் பாதி செத்தவன்.

இரண்டாவது, கோழிக்கு மண் குளியல். நிழலான இடத்தில் ஒரு பழைய கூடையிலோ குழியிலோ உலர்ந்த மணலையும் சாம்பலையும் கலந்து வையுங்கள். அரிசி ஆலைகளில் கிடைக்கும் உமிச் சாம்பல் விசேஷமானது. அதில் பெரும் பகுதி சிலிக்கா. அந்த நுண்ணிய தூள் செல்லின் மேல்தோலிலுள்ள மெழுகைக் கெடுக்க, அது ஈரம் வற்றி மடிகிறது. கோழி தானே புரண்டு, தானே உதறி, தன் வைத்தியத்தைத் தானே செய்துகொள்ளும். தூள் நனைந்தால் பலனில்லை. அதை அள்ளும்போது மூக்கைத் துணியால் மூடிக்கொள்வது நல்லது.

மூன்றாவது, வேப்பெண்ணெய். எண்ணெய் நீரோடு கலவாது. ஆகையால் முதலில் சோப்புக் கரைசலில் நன்றாகக் குழைத்து, பின் நீர் விட்டுக் கூண்டின் இடுக்குகளில் தெளிக்க வேண்டும். அடை முட்டைகளின்மேல் மட்டும் படக்கூடாது. முட்டை ஓட்டின் நுண் துளைகள் அடைபட்டால் உள்ளிருக்கும் குஞ்சு மூச்சு முட்டிப் போகும்.

நான்காவதும் முக்கியமானதும் எதுவென்றால், இவ்வளவையும் ஏழாம் நாளும் பதினாலாம் நாளும் திரும்பச் செய்வதாகும். முதல் நாள் தப்பிய முட்டைகள் அதற்குள் பொரித்துக் கிளம்பியிருக்கும். நம்மவர் தோற்பது இந்த இடத்தில்தான். ஒரு நாள் உற்சாகமாகக் கழுவிவிட்டு, "எல்லாம் செய்து பார்த்தோம், போகவில்லை" என்று கை விடுகிறார்கள். கூண்டைக் காலியாகப் போட்டுப் பட்டினியால் கொல்லலாம் என்பதும் வீண் நம்பிக்கை. குளிர்ந்த இடங்களில் சிவப்புச் செல் பல மாதங்கள் இரையின்றி உயிர் வாழும்.

இனி அந்தப் புட்டியைப் பற்றி. 2017-ம் வருஷம் ஹாலந்திலும் பெல்ஜியத்திலும் நடந்ததை நேயர்கள் பத்திரிகைகளில் படித்திருக்கலாம். இதே சிவப்புச் செல்லை ஒழிப்பதற்காகக் கோழிப் பண்ணைகளில் தெளித்த மருந்தில் 'பிப்ரோனில்' என்னும் விஷம் கலந்திருந்தது. அது கோழியின் கொழுப்பில் தங்கி முட்டையில் இறங்கியது. பல தேசங்களின் கடைகளிலிருந்து லட்சக்கணக்கான முட்டைகளைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. அதே பிப்ரோனில் நம் நாட்டில் நெற்பயிருக்கான மருந்தாக விற்பனையாகிறது. அங்கே பரிசோதனைச் சாலைகள் இருந்தன, கண்டுபிடித்தார்கள். நம் கொல்லைப்புற முட்டையை யார் பரிசோதிக்கிறார்கள்? அந்த முட்டையை முதலில் உண்பது வீட்டுக் குழந்தை அல்லவா? பயிருக்கென்று விற்கும் எதையும் கோழியின்மேல் தெளிப்பது தகாது. மருந்து தேவைதான் என்று தோன்றினால், அரசாங்கக் கால்நடை மருந்தக வைத்தியரைக் கேளுங்கள். எதை, எவ்வளவு, தெளித்த பின் எத்தனை நாள் முட்டையை உண்ணாதிருக்க வேண்டும் என்று சொல்லக் கூடியவர் அவரே. கோழி தீனி எடுக்காமல், பச்சையாகவோ வெள்ளையாகவோ கழிந்து, கழுத்தைத் திருகினால் அது செல் அன்று. ராணிக்கெட் நோயாக இருக்கலாம். அப்போது ஒரு நாளும் தாமதிக்கலாகாது.

அந்த அம்மாள் புட்டியைக் கொடுத்தவரிடமே திருப்பிவிட்டார். ஜில்லிட்ட பன்னிரண்டு முட்டையும் நஷ்டம்தான். மூன்று முறை கூண்டைச் சுத்தம் செய்து, புதுக் கூடையில் புது வைக்கோலும் உலர்ந்த வேப்பிலையும் பரப்பி, மறுபடி அடை வைத்தார். பத்துக் குஞ்சுகள் வெளிவந்தன.

வருமுன் காப்பதற்கு இரண்டு வார்த்தை. சந்தையில் வாங்கிய புதுக் கோழியை இரண்டு வாரம் தனியே வைத்துப் பார்த்த பிறகே மற்றவற்றோடு சேர்க்க வேண்டும். புறாவும் குருவியும் கூண்டின் கூரையில் கூடு கட்ட இடங்கொடாதீர்கள். அவற்றின் வழியாகவும் செல் வந்து சேரும். ஒவ்வோர் அடைக்கும் புது வைக்கோல். குஞ்சு பொரித்த அன்றே பழையது அடுப்புக்குள்.

கோழி வாய் திறந்து முறையிடாது. மாலையில் கூண்டு வாசலில் நின்று தயங்குவது ஒன்றே அது எழுதும் விண்ணப்பம். கோலை எடுக்குமுன் அந்த விண்ணப்பத்தைப் படித்துவிடுங்கள். விளக்கையும் வெள்ளைத் துணியையும் எடுங்கள்.