கடன் கொடுத்தவன் கூட்டும் பஞ்சாயத்து

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்று நமக்கு உபதேசம் செய்கிறார்கள். அன்னிய உதவியைப் பற்றிப் பேச்சு எழுந்தால் போதும், முதலாளிப் பத்திரிகைகளுக்கு இந்தப் பழமொழி ஞாபகம் வந்துவிடும். நாம் கேட்கிறோம்: தானம் எது, கடன் எது? வட்டி போட்டு, தவணை போட்டு, எந்த நாட்டுக் கம்பெனியிடம் சாமான் வாங்க வேண்டும் என்றும் எழுதி வாங்கிக்கொண்டு கொடுப்பதற்குத் தானம் என்றா பெயர்? புதன்சந்தையில் காசு கொடுத்து மாடு பிடிக்கிறவன் பல்லைப் பார்க்காமலா பிடிப்பான்?

புதிதாக விடுதலை பெற்ற ஒரு நாட்டில் கொடியேற்றி ஒரு வருஷம் ஆவதற்குள் ஆலோசகர்கள் வந்து இறங்கிவிடுகிறார்கள். ஒரு நாடு பாலம் கட்டித் தருகிறேன் என்கிறது. இன்னொரு நாடு ஆஸ்பத்திரி என்கிறது. மூன்றாவது நாடு தன் கிடங்கில் மக்கிக் கிடக்கும் தானியத்தைக் கப்பலில் ஏற்றுகிறது. எல்லாம் தாறுமாறாகக் கிடக்கிறதே, ஒழுங்குபடுத்துவோம் என்று உலக வங்கி முன்வருகிறது. ஒழுங்கு வேண்டும் என்பதில் நமக்குத் தகராறு இல்லை. பத்து நாட்டுக்காரன் பத்து விதமான பம்பு செட்டை இறக்கினால் ஒன்றின் உதிரிபாகம் இன்னொன்றுக்குப் பொருந்தாது. இது ராசிபுரம் விவசாயிக்கும் தெரியும். நம் கேள்வி வேறு. ஒழுங்குபடுத்துகிற நாற்காலியில் உட்காருவது யார்?

ஒரு தறிக்காரனை எடுத்துக்கொள்வோம். நூலுக்கு ஒருவனிடம், சாயத்துக்கு ஒருவனிடம், மகள் கல்யாணத்துக்கு ஒருவனிடம் கடன்பட்டிருக்கிறான். அவர்கள் தனித்தனியாக இருக்கும்வரை அவனுக்கு ஒரு வழி உண்டு. இவன் வட்டியை ஏற்றினால் அவனிடம் போவான்; அவன் மிரட்டினால் இவனிடம் வருவான். கடன் கொடுத்த எல்லோரும் ஒரே திண்ணையில் கூடி, "இவன் வீட்டு வரவு செலவை இனி நாமே ஒழுங்குபடுத்துவோம்" என்று தீர்மானித்த அன்று அந்த வழி அடைபடுகிறது. அப்புறம் அவன் மகன் பள்ளிக்கூடம் போவதா, தறிக்கு வருவதா என்பதையும் திண்ணையே முடிவு செய்யும்.

நம் நாட்டுக்கு அந்தத் திண்ணை 1958 ஆகஸ்டில் வாஷிங்டனில் போடப்பட்டது. இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டத்தின் நடுவே அன்னியச் செலாவணி கரைந்து போயிருந்த நேரம். உலக வங்கி கூட்டிய கூட்டத்தில் அமெரிக்கா, பிரிட்டன், கனடா, மேற்கு ஜெர்மனி, ஜப்பான் ஆகிய ஐந்து நாடுகள் உட்கார்ந்தன. இந்திய உதவிக் குழு என்று அதற்குப் பெயர் வந்தது. பிற்பாடு பிரான்ஸ், இத்தாலி முதலிய நாடுகளும் சேர்ந்துகொண்டன. நம் அதிகாரிகள் போய்க் கணக்குச் சொல்வார்கள். எவ்வளவு கொடுப்பது, எதற்குக் கொடுப்பது என்று அவர்கள் கூடிப் பேசுவார்கள்.

வாஷிங்டன் கூட்டத்துக்கும் சேலத்து மில் தொழிலாளிக்கும், மோகனூர்க் கரும்புத் தோட்டத்தில் கூலிக்குப் போகும் தாய்மாருக்கும் என்ன சம்பந்தம் என்று சில தோழர்கள் கேட்கலாம். 1966 ஜூன் 6ஐ நினைத்துப் பார்க்கட்டும். 1964இல் உலக வங்கி பெல் என்பவர் தலைமையில் ஒரு குழுவை அனுப்பிற்று. நம் ரூபாயின் மதிப்பைக் குறை, இறக்குமதிக் கட்டுப்பாட்டைத் தளர்த்து என்பது அதன் யோசனை. 1965 செப்டம்பரில் பாகிஸ்தானுடன் யுத்தம் மூண்டதும் அமெரிக்கா உதவியை நிறுத்தியது. மழையும் பொய்த்தது. கடைசியில் டில்லி பணிந்தது. 4 ரூபாய் 76 காசாக இருந்த ஒரு டாலர் 7 ரூபாய் 50 காசு ஆயிற்று. கணக்கைப் பாருங்கள்: நேற்று 476 ரூபாயாக இருந்த டாலர் கடன், புதிதாக ஒரு காசுகூட வாங்காமலே, இன்று 750 ரூபாய்! ஆளும் கட்சியின் தலைவராக இருந்த காமராஜரையே கலந்துகொள்ளவில்லை. அவர் அதை எதிர்த்தார். வாக்களித்த பணமும் அடுத்த வருஷங்களில் அந்த அளவுக்கு வந்து சேரவில்லை. நான்காவது ஐந்தாண்டுத் திட்டம் 1969 வரை தள்ளிப்போயிற்று. வெளிநாட்டு உதிரிபாகம் விலையேறியது என்று முதலாளி சொன்னால் அடுத்த வரி கூலியைப் பற்றித்தான் இருக்கும் என்பதை மில் வாசலில் நிற்பவனுக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை.

இனி, பி.எல். 480 என்ற சங்கதி. இதைத்தான் சுத்த தானம் என்று இன்றும் சிலர் புகழ்கிறார்கள். 1956 ஆகஸ்டில் போட்ட முதல் ஒப்பந்தத்தில் கோதுமை மட்டும் இல்லை. அரிசி இருந்தது, பால் பொருள் இருந்தது, புகையிலை இருந்தது, பஞ்சும் இருந்தது! பசித்தவனுக்குப் புகையிலை எந்த தர்ம சாஸ்திரத்தில் சொன்ன தானம்? அமெரிக்கப் பண்ணைகளில் விலைபோகாமல் குவிந்துகிடந்த உபரியைக் கழிக்கத்தான் அந்தச் சட்டமே வந்தது. நீண்ட இழைப் பஞ்சு நமக்குப் போதவில்லை என்பது உண்மை. பிரிவினையில் நல்ல பருத்தி நிலம் பாகிஸ்தான் பக்கம் போய்விட்டது. ஆனாலும் ஆத்தூரிலும் ராசிபுரத்திலும் பருத்தி போட்டவன் தன் விலையை எந்தக் கப்பலின் வரவு தீர்மானிக்கிறது என்று அறியாமலே மூட்டை கட்டினான்.

அதற்கு நாம் கொடுத்த விலை ரூபாயில். அந்த ரூபாய் அமெரிக்கக் கணக்கில் இந்தியாவிலேயே சேர்ந்தது. பெரும்பகுதியை நம் சர்க்காருக்கே கடனாகவும் மானியமாகவும் திருப்பிக் கொடுத்தார்கள். ஒரு பகுதி அமெரிக்கத் தூதரகச் செலவுக்கு. இன்னொரு பகுதி அமெரிக்கக் கம்பெனிகள் இங்கே தொழில் நடத்தக் கடனாக. நாம் தின்ற கோதுமையின் காசில் அவர்கள் கம்பெனி நடத்தினார்கள். மீந்து குவிந்ததில் 1,664 கோடி ரூபாயை 1974இல் ஒரே செக்கில் விட்டுக்கொடுத்தார்கள். நம் நாட்டுப் பணத்தில் அவ்வளவு பெரிய பங்கை ஒரு வல்லரசு தன் பைக்குள் வைத்திருந்தது என்பதை அந்தச் செக்குதான் வெளிச்சம் போட்டது.

ஒன்றை மறைக்க மாட்டோம். 1966-67இல் பீகார் வறட்சியில் வந்த கோதுமை உயிர்களைக் காத்தது. அதை மறுப்பவன் பட்டினியைப் பார்த்தவனல்ல. ஆனால் அதே மாதங்களில்தான் அமெரிக்க ஜனாதிபதி ஜான்சன் தானியத்தை ஒரேயடியாக அனுப்பாமல் கொஞ்சம் கொஞ்சமாக அவிழ்த்துவிட்டார். வியட்நாம் யுத்தத்தைப் பற்றி டில்லி வாய்திறந்தால் அடுத்த கப்பல் தாமதம்.

வேறு வழி இருந்ததா? இருந்தது, அதைத் தேடி வெகுதூரம் போக வேண்டாம். நெய்வேலியைப் பாருங்கள். பழுப்பு நிலக்கரித் திட்டத்துக்கு 1956 நவம்பரில் நம் சர்க்காரின் சொந்தக் கம்பெனி அமைந்தது. திட்ட அறிக்கைக்கு ஒரு பிரிட்டிஷ் கம்பெனி. சுரங்கம் வெட்டும் ராட்சச யந்திரங்கள் மேற்கு ஜெர்மனியிலிருந்து. மின் நிலையம் சோவியத் உதவியில்; 1962இல் மின்சாரம் வந்தது. ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்த நாடுகள் அங்கே ஒரே பள்ளத்தில் வேலை செய்தன. அவற்றை ஒழுங்குபடுத்த வாஷிங்டனில் கூட்டம் போடவில்லை. கோடு போட்டது நாம். எந்த வேலை யாருக்கு என்று பிரித்துக் கொடுத்ததும் நாம். நீலகிரியில் குந்தா மின் திட்டத்தில் கனடாவின் பணமும் யந்திரமும் வந்தன. அதுவும் நம் மின்சார இலாகா கேட்டு வாங்கிய உதவிதான்.

பொக்காரோ உருக்காலை இன்னொரு பாடம். சர்க்கார் துறையில் ஆலை கட்டப் பணம் தரலாமா என்று அமெரிக்கக் காங்கிரஸில் முதலாளிகளின் ஆட்கள் முரண்டு பிடித்தார்கள். 1963இல் நாம் கோரிக்கையைத் திரும்பப் பெற்றோம். 1965 ஜனவரியில் சோவியத்துடன் ஒப்பந்தம் ஆயிற்று. போவதற்கு இன்னொரு வீடு இருந்ததால்தான் ஒரு வீட்டில் எழுந்து வர முடிந்தது. பிலாய்க்கு 1955இல் சோவியத் கொடுத்ததும் கடன்தான்: 2½ சதவீத வட்டி, 12 வருஷத் தவணை. தோழமை நாட்டுக் கடன் என்பதற்காக அந்த மாட்டின் பல்லைப் பார்க்காமல் விடச் சொல்லவில்லை. சோவியத் யூனியன் மறைந்த பிறகு ரூபாய்-ரூபிள் பாக்கியைத் தீர்க்க 1993இல் தனி ஒப்பந்தமே போட வேண்டியிருந்தது.

நாற்காலி டில்லியில் இருந்துவிட்டால் மட்டும் எல்லாம் சரியாகிவிடுமா? சேலத்துக்காரன் அப்படிச் சொல்ல மாட்டான். உருக்காலை கேட்டு இந்த ஜில்லா கிளர்ச்சி செய்தது. 1967இல் அண்ணா எழுச்சி நாள் நடத்தினார். 1970 செப்டம்பரில் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார். உற்பத்தி தொடங்கியது 1981இல். அதுவும் வெளியிலிருந்து வந்த தகட்டை உருட்டும் ஆலையாக. கஞ்சமலை இரும்பு கஞ்சமலையிலேயே கிடந்தது. வாஷிங்டனுக்கு வாசலில் நிற்பவர்கள் இருப்பதுபோல டில்லிக்கும் உண்டு. ஆகவே நாட்டின் பட்டியல் தலைநகரத்து மேஜையில் மட்டும் எழுதப்படக் கூடாது.

ஒரு புது நாட்டுச் சர்க்கார் நம் அபிப்பிராயத்தைக் கேட்குமானால் இதைச் சொல்வோம்: உன் பட்டியலை முதலில் நீ எழுது, எழுதி முடிக்கும்வரை எந்த ஆலோசகனையும் உள்ளே விடாதே. கொடுக்கிறவர்களை ஒவ்வொருவராக உன் ஊருக்கு வரவழைத்துப் பேசு. கடன் எந்த நாணயத்தில், யார் யந்திரத்துக்கு என்பதை ஜனங்களின் பாஷையில் அச்சிட்டுப் போடு. உழுகிறவனுக்கு நிலத்தைக் கொடுத்து, ஒரு வருஷத் தானியத்தைக் கிடங்கில் வை. மற்ற எல்லாப் பேரமும் அந்தக் கிடங்கின் பலத்தில்தான் நடக்கும்.

இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. 1971இல் பிறந்த வங்காளதேசம் இப்படிச் செய்யத்தான் முயன்றது. பொருளாதாரப் பேராசிரியர் நூருல் இஸ்லாம் அதன் திட்டக் கமிஷன் துணைத் தலைவர். பழைய பாகிஸ்தான் பட்ட கடனை அப்படியே எங்கள் தலையில் கட்டாதே என்றார்கள். உலக வங்கியின் குழு வேண்டாம் என்று தள்ளிப்போட்டார்கள். 1973இல் உதவி நாடுகளின் கூட்டத்தை டாக்காவிலேயே நடத்தினார்கள். ஆனால் கிடங்கு காலி. 1974இல் வெள்ளம், பஞ்சம். அந்த நாடு கியூபாவுக்குச் சணல் சாக்கு விற்றது குற்றம் என்று அமெரிக்கா உணவுக் கப்பலை நிறுத்தி வைத்தது. இனி விற்கமாட்டோம் என்று டாக்கா ஒப்புக்கொண்டது. உலக வங்கித் தலைமையில் உதவிக் குழுவும் அதே வருஷம் அமைந்தது. கப்பல்கள் வந்து சேர்ந்தபோது பஞ்சம் பெரும்பாலும் முடிந்து போயிருந்தது.