யானைக்கு மட்டுமா வழித்தடம்?

இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., விலங்கியல்

'காரிடார்' என்னும் சொல் நம் வட்டாரத்தில் பள்ளிக்கூடம் பார்க்காதவர் வாயிலும் புழங்குகிறது. ஒரகடம் காரிடார், ஸ்ரீபெரும்புதூர் காரிடார் என்று தேநீர்க் கடையிலும் நிலத் தரகர் பேச்சிலும் நாள்தோறும் கேட்கிறோம். தொழிற்சாலைகள் வரிசையாக அமைந்து, சரக்கும் ஆளும் தடையின்றிப் போய்வரும் பாதை என்பது அதன் பொருள். விலங்கியல் வகுப்பிலும் இதே சொல் வருகிறது. அங்கே அதற்கு வழித்தடம் என்று பொருள். உயிரினங்கள் இரை தேடியும், துணை தேடியும், நீர் தேடியும் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குப் போய்வரும் பாதை அது. ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள். ஒரே மண்ணில் இரண்டு பாதைகள். ஒன்று அகன்றுகொண்டே போக, மற்றொன்று அற்றுக்கொண்டே போகிறது. இதைப் பற்றிச் சிந்திக்கவே இக்கட்டுரை.

வழித்தடம் என்றவுடன் நம் நினைவுக்கு வருவது யானைதான். அதில் நியாயமும் உண்டு. நீலகிரி அடிவாரத்துச் சீகூர்ப் பகுதியை யானை வழித்தடம் என்று தமிழக அரசு 2010-இல் அறிவித்தது. தங்கும் விடுதி நடத்துவோர் வழக்குத் தொடுத்தனர். சென்னை உயர்நீதிமன்றம் 2011-இல் அரசின் அறிவிப்பை உறுதி செய்தது, உச்சநீதிமன்றமும் 14.10.2020 அன்று அதையே நிலைநிறுத்தியது. இந்தியா முழுவதிலும் 150 யானை வழித்தடங்கள் இருப்பதாக மத்திய அரசின் அறிக்கை 2023-இல் பட்டியலிட்டது. ஆக, யானையின் பாதைக்குப் பட்டியல் உண்டு, வழக்கு உண்டு, தீர்ப்பும் உண்டு.

ஒரகடத்தில் யானை இல்லை, புலியும் இல்லை. ஆகவே இங்கே வழித்தடம் என்று ஒன்று இருக்க முடியாது என்று நாம் எண்ணிவிடுகிறோம். அந்த எண்ணம் சரியன்று. நம் மண்ணிலும் வழித்தடம் உண்டு. அது மலைக்கும் மலைக்கும் நடுவே இல்லை. ஏரிக்கும் ஏரிக்கும் நடுவே இருக்கிறது. அதன் பெயர் கால்வாய்.

செங்கற்பட்டுச் சீமையை ஏரி மாவட்டம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஒன்றாயிருந்த காஞ்சிபுரம் மாவட்டம் 2019-இல் இரண்டாகப் பிரிந்தது. இரு மாவட்டங்களிலுமாக, முன்பு பொதுப்பணித் துறையிடமிருந்து இன்று நீர்வளத் துறையின் பொறுப்பில் உள்ள ஏரிகள் மட்டும் 909. ஊராட்சிகளின் சிற்றேரிகளும் குளங்களும் குட்டைகளும் தனி. இவற்றுள் எதுவும் தனியாக வெட்டப்பட்டதன்று. மேலூர் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியே நீர் வெளியேறும். போக்குக் கால் வழியாகக் கீழூர் ஏரிக்குப் போய்ச் சேரும். ஸ்ரீபெரும்புதூர் ஏரியும் பிள்ளைப்பாக்கம் ஏரியும் நிரம்பி வழிந்தால் அந்த நீர் செம்பரம்பாக்கத்தை நோக்கிப் போகிறது. மணிமங்கலம், ஆதனூர்ப் பக்கத்து ஏரிகளின் உபரி நீர் அடையாற்றில் சேர்கிறது. நம் முன்னோர் ஏரிகளை வெட்டியதோடு நிற்காமல், அவற்றைச் சங்கிலி போலக் கோத்தும் வைத்தார்கள்.

இந்தச் சங்கிலியில் நீர் மட்டுமா போகிறது? மழை பிடித்ததும் புதுவெள்ளத்தை எதிர்த்துக் கெளுத்தியும் விராலும் ஏறிவருவதைக் கிராமத்தில் வளர்ந்த எவரும் அறிவர். ஓர் ஏரி கோடையில் வற்றி மீன் முழுதும் அழிந்தாலும், அடுத்த மழையில் அண்டை ஏரியிலிருந்து கால்வாய் வழியே மீண்டும் மீன் வந்து சேரும். தவளை கரையோரத்து ஈரத்தில் தங்கித் தங்கிப் போகிறது. ஆமை வற்றிய குட்டையை விட்டு வேறு குட்டை தேடி நகர்கிறது. கரையின் புதர்களை மறைவாகக் கொண்டு கீரியும் உடும்பும் சாரைப்பாம்பும் முயலும் போகின்றன. இருட்டிய பிறகு குள்ளநரியும் போகிறது. கால்வாயும் அதன் இரு கரையும், கரையிலுள்ள பனையும் நொச்சியும், அதை ஒட்டிய மேய்க்கால் புறம்போக்கும் சேர்ந்ததுதான் இவற்றின் நெடுஞ்சாலை. நாம் 'சும்மா கிடக்கும் நிலம்' என்று சொல்வது இதைத்தான்.

பறவைக்குச் சிறகு உண்டே, அதற்கு எதற்கு வழித்தடம் என்று கேட்கலாம். வேடந்தாங்கலை எண்ணிப் பாருங்கள். பறவைகளைச் சுடக்கூடாது என்று ஊரார் வேண்ட, 1798-இல் அன்றைய கலெக்டர் லயனல் பிளேஸ் அதற்கு ஆணை தந்ததாகச் சரித்திரம் சொல்கிறது. 1936-இல் அது சரணாலயமாக ஏற்கப்பட்டது. 2022-இல் வேடந்தாங்கலும் அருகிலுள்ள கரிக்கிலியும் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றன. இவ்வளவு புகழ் பெற்ற வேடந்தாங்கல் ஏரியின் பரப்பு ஏறத்தாழ 30 ஹெக்டேர்தான். அத்தனை பறவைகளுக்கும் அது கூடு கட்டும் இடமே தவிர, உண்ணும் இடம் அன்று. நத்தைகுத்தி நாரையும் நீர்க்காகமும் அரிவாள் மூக்கனும் குஞ்சுகளுக்கு இரை தேடிச் சுற்றியுள்ள ஏரிகளுக்கும் நெல் வயல்களுக்கும்தான் போகின்றன. அதனால்தான் 1998-இல் வந்த அறிவிப்பு ஏரியைச் சுற்றி 5 கி.மீ. வரை சரணாலயம் என்றது. 2020-இல் அதை 3 கி.மீ. ஆகக் குறைக்கும் முயற்சி எழுந்தபோது எதிர்ப்பு வலுத்ததும் அதனால்தான். சுற்றியுள்ள ஏரிகள் போனால், வேடந்தாங்கலில் மரம் இருக்கும், நீர் இருக்கும், பலகையும் இருக்கும், பறவை இருக்காது.

இதை விளக்கும் சான்று ஒன்று கடல் கடந்தும் இருக்கிறது. பனாமாக் கால்வாய்க்காக ஓர் ஆற்றைத் தடுத்து அணை கட்டினார்கள். 1914 வாக்கில் நீர் உயர்ந்து, ஒரு காட்டுக் குன்றின் உச்சி மட்டும் தீவாக நின்றது. பாரோ கொலராடோ என்பது அதன் பெயர். 1923 முதல் அது ஆராய்ச்சிக்கென்றே பாதுகாக்கப்பட்டு வருகிறது. இத்தனை பாதுகாப்பு இருந்தும், அங்கு வாழ்ந்த காட்டுப் பறவை இனங்கள் பல ஒவ்வொன்றாக மறைந்தன. காடு இருந்தது, ஆனால் அடுத்த காட்டோடு இருந்த தொடர்பு அறுந்துவிட்டது. இடம் சிறுத்துத் தொலைவும் கூடினால் அங்கு நிலைக்கும் இனங்களின் எண்ணிக்கை குறையும் என்று மக்கார்தரும் வில்சனும் 1967-இல் ஒரு கொள்கையாகவே எழுதினார்கள். நம் பாடத்தில் வருவதுதான். தேர்வுக்காகப் படித்துவிட்டு மறந்துவிடுகிறோம்.

இன்று நம் ஏரிகளும் ஒவ்வொன்றாகத் தீவாகி வருகின்றன. ஏரிக்கு வேலி போடுகிறோம், நடைபாதை அமைக்கிறோம், விளக்கும் நாற்காலியும் வைத்து 'புனரமைப்பு' என்று பலகை நடுகிறோம். ஆனால் அந்த ஏரிக்கு நீர் வரும் கால் எங்கே, போகும் கால் எங்கே என்று கேட்டால் சுற்றுச்சுவரைக் காட்டுகிறார்கள். மணிகளைத் துடைத்து வைத்துவிட்டுக் கயிற்றை அறுத்தால் அது மாலையாகுமா? வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும், சிங்கப்பெருமாள்கோயில்–ஸ்ரீபெரும்புதூர் சாலையும் நான்கு வழியாகவும் ஆறு வழியாகவும் விரிந்துவிட்டன. நடுவே சிமெண்ட்டுத் தடுப்பு. ஐப்பசி மழையில் சாலையைக் கடக்கும் தவளை அந்தத் தடுப்பில் முட்டித் திரும்பினால் மீண்டும் சக்கரத்தின் கீழ்தான் வரவேண்டும். மறுநாள் காலைப் பேருந்தில் வருகிறவர்கள் சாலையைப் பார்த்தாலே புரியும்.

"அப்படியானால் தொழிற்சாலை வேண்டாம் என்கிறாயா?" என்று நண்பர்கள் கேட்கக்கூடும். அப்படிச் சொல்ல எனக்கு வாயில்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். என் கல்விச் செலவுக்குப் பணம் வருவது, ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளியாக இரவுப் பணி பார்க்கும் அண்ணனின் சம்பளத்திலிருந்துதான். இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் ஹூண்டாய் கார்கள் வெளிவரத் தொடங்கியது முதல், எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிவது இந்த ஆலைகளால்தான். ஆனால் ஒன்றையும் மறக்கக் கூடாது. ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் தொடங்கிய நோக்கியா ஆலை 2014-இல் மூடப்பட்டது. இடையில் 8 ஆண்டுகள். உலகச் சந்தை மாறினால் ஆலை வரும், போகும். ஏரியும் கால்வாயும் அப்படியல்ல. பல தலைமுறைகளாக நமக்கு வேலை செய்பவை. எட்டாண்டில் போய்விடக் கூடியதற்காக, போனால் திரும்பாத ஒன்றைத் தொலைப்பது கணக்குத் தெரிந்தவர் செய்யும் காரியமா?

அதுமட்டுமன்று, தவளையின் பாதையை அடைத்தால் தண்ணீரின் பாதையும் அடைபடும். 2015 டிசம்பர் முதல் நாளன்று செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி நீர் திறக்கப்பட்டதையே எல்லோரும் பேசுகிறோம். அதே நாளில் மேற்கேயுள்ள சிற்றேரிகளின் வெள்ளமும் அடையாற்றில் வந்து விழுந்தது. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் வீடுகள் மூழ்கின. வழியில்லாத நீர் வீட்டுக்குள் வருகிறது; வழியில்லாத உயிர் சக்கரத்தின் கீழ் போகிறது. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்.

இந்த வேளையில் சட்டம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதையும் மாணவர்களாகிய நாம் கவனிக்க வேண்டும். 2007-இல் ஏரிகளைக் காக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் தமிழ்நாட்டில் ஒரு சட்டம் வந்தது. 2023-இல் நில ஒருங்கிணைப்புச் சட்டம் நிறைவேறியது. 100 ஹெக்டேருக்குக் குறையாத சிறப்புத் திட்டத்தின் நிலத்துக்குள் நீர்நிலையோ ஓடையோ கால்வாயோ இருந்தால், நிபுணர் குழுவின் ஆய்வுக்குப் பின் அதையும் திட்டத்தோடு சேர்க்க இது வழி செய்கிறது. 2022-இல் அறிவிக்கப்பட்ட பரந்தூர் விமான நிலையத் திட்டத்தின் பகுதிக்குள், பல ஏரிகளை நிரப்பிக்கொண்டு ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் வரும் கம்பன் கால்வாய் ஓடுகிறது. கால்வாயைத் திருப்பிவிடலாம், குழாயில் விடலாம் என்று பொறியாளர்கள் சொல்லக்கூடும். நீரைக் குழாயில் அனுப்பலாம். குள்ளநரியைக் குழாயில் அனுப்ப முடியுமா? கரையும் புதரும் ஈரமும் இல்லாத கால்வாய் நீருக்கு வழியாகலாம், உயிருக்கு வழியாகாது. நிபுணர் குழுவில் பொறியாளரோடு ஓர் உயிரியல் அறிஞரும் உட்கார வேண்டும் என்று கேட்பது பேராசை ஆகாது.

குறை சொல்வதோடு நின்றால் போதாது. செய்யக்கூடியதையும் சொல்ல வேண்டும். பெருந்திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி தரும்போது, நிலத்தில் 33 விழுக்காடு பசுமைப் பரப்பாக இருக்க வேண்டும் என்பது வழக்கமாக விதிக்கப்பட்டு வந்த நிபந்தனை. ஒவ்வோர் ஆலையும் தன் மதிலுக்குள் புல்தரையும் அழகுச் செடியும் வைத்து அதை நிறைவேற்றிவிடுகிறது. ஒரு ஆலையின் பசுமை அடுத்த ஆலையின் பசுமையைத் தொடுவதில்லை. இரண்டும் கால்வாயைத் தொடுவதில்லை. என் கருத்து இதுதான்: அந்தப் பசுமைப் பரப்பைக் கால்வாயின் இரு கரையிலும் தொடர்ச்சியாக அமைக்கச் சொல்லுங்கள். புங்கும் நாவலும் நீர்மருதும் நொச்சியும் நடச் சொல்லுங்கள். கூடுதலாக ஒரு சென்ட் நிலமும் வேண்டாம். ஏற்கனவே விட்டாக வேண்டிய நிலத்தை ஒரே கோட்டில் விட்டால் போதும். ஒரகடம், வல்லம்-வடகால், பிள்ளைப்பாக்கம் சிப்காட்டுகளில் இதைச் செய்தால், துண்டுபட்ட ஏரிகள் மீண்டும் கோக்கப்படும்.

சாலைக்கும் வழி உண்டு. பெஞ்ச் புலிகள் காப்பகத்தின் ஊடே செல்லும் 44-ஆம் தேசிய நெடுஞ்சாலையில், மகாராட்டிரப் பகுதியில் விலங்குகள் கடக்க 9 கீழ்வழிகள் கட்டப்பட்டன. புலிகள் அவ்வழியே நடப்பதைத் தானியங்கிப் படக்கருவிகள் பதிவு செய்திருக்கின்றன. நமக்கு அவ்வளவு பெரிய கட்டுமானம் தேவையில்லை. இருக்கும் சிறுபாலங்களின் அடியில், நீர் ஓடும் இடத்துக்கு மேலே ஒரு முழ அகலத்தில் உலர்ந்த திட்டு ஒன்று அமைத்தால், கீரியும் உடும்பும் சாலையேறாமல் கடந்துவிடும்.

சட்டத்திலும் நமக்கு ஓர் ஆயுதம் இருக்கிறது. 2002-ஆம் ஆண்டின் உயிரினப் பன்மைச் சட்டப்படி, மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டி 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. பின்னர் அப்பகுதியில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விடப்பட்டபோது மக்கள் திரண்டெழுந்தார்கள். 2025 சனவரியில் மத்திய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்தது. அதே சட்டம் ஒவ்வோர் ஊராட்சியிலும் உயிரினப் பன்மை மேலாண்மைக் குழு இருக்க வேண்டும் என்றும், ஊரின் உயிரினங்களைப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்றும் சொல்கிறது. எழுதப்படாத உயிருக்கு இந்த நாட்டில் யார் வாதாடுவார்?

அந்த எழுத்து வேலையை நாம் செய்யலாமே! நம் கல்லூரி மாணவரில் பெரும்பாலோர் இந்த ஏரிக்கரை ஊர்களிலிருந்து வருகிறவர்கள். நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்கு ஒரு கால்வாயை எடுத்துக்கொள்வோம். கிராம வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு கலங்கலிலிருந்து அடுத்த ஏரி வரை நடப்போம். எங்கே வழி இருக்கிறது, எங்கே அடைபட்டது என்று குறிப்போம். தாவரவியல் மாணவர் கரையின் செடிகளை எழுதட்டும். விலங்கியல் மாணவர் ஐப்பசி, கார்த்திகை இரு மாதமும் சாலையில் அடிபட்ட உயிர்களை இடம்வாரியாக எண்ணட்டும். புவியியல் மாணவர் வரைபடம் தீட்டட்டும். பேராசிரியப் பெருமக்கள் வழிகாட்டினால், ஓராண்டில் ஊராட்சிக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் சிப்காட்டுக்கும் கொடுக்கத் தக்க ஓர் ஆவணம் நம் கையில் இருக்கும்.

நாட்டுக்கு அரண் எவை என்று எண்ணிய வள்ளுவர், நீரையும் நிலத்தையும் மலையையும் சொல்லிக் காட்டையும் அவற்றோடு சேர்த்தார். நம் வட்டாரத்துக்கு அரண் ஏரிகளே. அந்த ஏரிகளுக்கு உயிர் கால்வாய்களே. சரக்கு லாரி போக ஆறு வழி விட்ட நாம், மீனும் தவளையும் கீரியும் போக ஒரு வழி விடக் கூடாதா?