நீச்சல் வகுப்பு: மீண்டும் முதற்படியிலிருந்தா?



"போன வருசமே மூனு மாசம் கத்துக்கிட்டான் டீச்சர். இப்பத் திரும்பவும் சின்னப் பிள்ளைங்களோட நிக்க வைக்கிறாங்க. கட்டுன காசெல்லாம் வீணா?"

நீண்ட இடைவெளிக்குப் பின் பிள்ளையை நீச்சல் வகுப்பிற்கு அனுப்பும் பெற்றோர் பலர் எழுப்பும் வினா இது. வினாவில் நியாயம் உண்டு. மாதந்தோறும் கட்டணம் செலுத்துவது எல்லாக் குடும்பங்களுக்கும் எளிதன்று. ஆயினும், பிள்ளையை மீண்டும் இடுப்பளவு நீரில் நிறுத்திய அந்தப் பயிற்றுநரின் பக்கமே நான் நிற்கிறேன்.

கற்றது முற்றாக மறந்துவிடுவதில்லை என்பது உண்மைதான். கையை வீசுவதும் காலை உதைப்பதும் சில வகுப்புகளிலேயே திரும்பிவிடும். திரும்பத் தாமதமாவது மூச்சுக் கட்டுப்பாடும் உடல் வலுவும்தான். மேலும், இடைப்பட்ட காலத்தில் பிள்ளை வளர்ந்திருக்கிறான். கைகால் நீண்டு எடை கூடியதால் நீரில் அவன் மிதக்கும் நிலையே மாறியிருக்கும். சென்ற ஆண்டு வாங்கிய நீச்சல் கண்ணாடி சரியாகப் பொருந்தாமல் போயிருக்கும். அதைக்கூட நாம் பார்ப்பதில்லை. கண்ணில் நீர் புகுந்து பிள்ளை பதறினால், "பயந்தாங்கொள்ளி!" என்று கரையிலிருந்து அப்பா சத்தம் போடுவார்.

உண்மையில், பயப்படும் பிள்ளையைப் பற்றி எனக்கு அவ்வளவு கவலையில்லை. அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நிற்பான். "எனக்குத் தெரியும்" என்று ஓடிவந்து ஆழமான பக்கத்தில் குதிப்பவனே கவலைக்குரியவன். என்றோ ஒருநாள் குளத்தின் குறுக்கே நீந்திக் கடந்தது அவன் நினைவில் இருக்கிறது. பாதி வழியில் மூச்சு முட்டும் என்பது அவனுக்குத் தெரியாது.

ஆகவே, முதல் வகுப்பு ஒரு சோதனையாக அமைய வேண்டும். மல்லாந்து மிதக்கிறானா? கால் எட்டாத இடத்தில், பயிற்றுநர் அருகிலிருக்க, தலையை நீருக்கு மேலே வைத்திருக்கிறானா? திரும்பி வந்து சுவரைப் பிடிக்கிறானா? இம்மூன்றும் இயன்றால் மேலே அனுப்பலாம். இல்லையேல் சில வாரம் அங்கேயே இருக்கட்டும். சிங்கப்பூரில் 2010-இல் தொடங்கப்பட்ட ஸ்விம்சேஃபர் திட்டத்தில் ஆறு படிநிலைகள் உள்ளன. நீச்சல் முறைகளோடு, நீரில் உயிர்காத்துக்கொள்ளும் திறனும் அதில் கற்பிக்கப்படுகிறது. நம் பெற்றோர்களோ எத்தனை மீட்டர், எத்தனை சான்றிதழ் என்றே கேட்கிறோம். அவர்களை மகிழ்விக்கவே பிள்ளைகளை அவசரமாக மேலேற்றும் வகுப்புகளும் இல்லாமல் இல்லை!

சரி, இடைவெளி ஏன் விழுகிறது? 2020 மார்ச் 18-இல் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது குளங்கள் மூடப்பட்டன. அவை திறந்த பின்னும் திரும்பாத குடும்பங்கள் உண்டு. அதன் பின் டியூஷன், தேர்வு, மழைக்காலம், சளி என்று காரணங்களுக்குக் குறைவில்லை.

பெண் பிள்ளைகள் நிலை வேறு. ஒன்பது, பத்து வயது வந்ததும் "கறுத்துப் போயிடுவா", "இனிமே அந்த உடுப்பெல்லாம் வேண்டாம்" என்று நிறுத்திவிடுகிறோம். அவர்களுக்கு அது இடைவெளியன்று, முற்றுப்புள்ளி. முழுக்கை, முழுக்கால் நீச்சல் உடைகள் இன்று கடைகளில் கிடைக்கின்றன. மாதவிலக்கு நாள்களில் ஒரு வகுப்பைத் தவிர்க்கலாம். அதற்காக நீச்சலையே தவிர்ப்பது எவ்வகையில் நியாயம்? தம்பியை மட்டும் குளத்திற்கு அனுப்பிவிட்டு அக்காவைக் கரையில் பை காக்க வைக்கும் பழக்கத்தைத் தாய்மார்களே மாற்ற வேண்டும்.

தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்கள், "நாங்கள் எந்த வகுப்புக்குப் போனோம்? ஆற்றிலும் ஈயக்குட்டையிலும் தானாகக் கற்றுக்கொண்டோம்" என்பார்கள். அந்த ஈயக்குட்டைகளிலிருந்து திரும்பி வராத பிள்ளைகளையும் அவர்கள் நினைவுகூர வேண்டும். இன்று நம் பிள்ளைகளில் பலர் அடுக்குமாடி வீடுகளில் வளர்கிறார்கள். ஆண்டுக்கு இருமுறை போர்ட்டிக்சன் கடற்கரை, ஏதேனும் ஒரு நீர்வீழ்ச்சி, அல்லது குளத்துடன் கூடிய வாடகை வீடு; தண்ணீரோடு அவர்களுக்குள்ள உறவு அவ்வளவே. நீண்ட இடைவெளிக்குப் பின் நேரே அங்கே இறங்குவதுதான் ஆபத்து.

உலகச் சுகாதார நிறுவனத்தின் 2024 அறிக்கை, 2021-இல் உலகெங்கும் ஏறத்தாழ 3,00,000 பேர் நீரில் மூழ்கி இறந்ததாகக் கணக்கிடுகிறது. அவர்களில் கிட்டத்தட்டக் கால்பங்கினர் ஐந்து வயதுக்கும் குறைந்த குழந்தைகள். மூழ்கும் பிள்ளை பெரும்பாலும் கத்துவதில்லை, கையசைப்பதுமில்லை. மூச்சுக்கே போராடும் வாயால் எப்படிக் கத்துவது? பெரியவர்கள் கறி வாட்டிக்கொண்டும் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டும் இருக்கும் சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடும்.

நீர்வீழ்ச்சிக்குச் செல்வோர் மற்றொன்றையும் அறிய வேண்டும். நாம் நிற்கும் இடத்தில் வெயிலடித்தாலும் மலைமேல் மழை பெய்திருக்கலாம். மலாயில் 'கெப்பாலா ஆயர்' என்று சொல்லப்படும் திடீர் வெள்ளம் அப்படித்தான் வருகிறது. தெளிந்த நீர் கலங்கி, சருகும் சுள்ளியும் மிதந்துவரத் தொடங்கினால், குளத்தில் தங்கப் பதக்கம் வாங்கிய பிள்ளையாயினும் உடனே கரையேற்றுங்கள். சாப்பாட்டுப் பாத்திரங்களைப் பிறகு எடுத்துக்கொள்ளலாம்.