சைக்கிள் ஹேண்டில்பாரில் ஒரு சுருக்குப்பை



போன வாரம் சைக்கிளோடு நிற்கிற போட்டோ ஒன்று போட்டிருந்தேன். பாதிப் பேர் விசாரித்தது என்னை இல்லை, ஹேண்டில்பாரில் தொங்கும் பையை. "டீச்சர், அது எங்க வாங்கினது?" என்று கேட்டீர்கள். உறவுக்காரர்கள் கேட்டது வேறு: "காலைல போன் பண்ணா ஏன் எடுக்கறதே இல்ல?" இரண்டுக்கும் சேர்த்துப் பதில் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். என் வகுப்பில் பொறுமையாக உட்கார்ந்தவர்கள்தானே, படித்துவிடுவீர்கள்.

காலை 6 மணிக்கு நந்தனத்திலிருந்து கிளம்பி, சேமியர்ஸ் சாலை வழியாக மயிலாப்பூர் மாட வீதி போய்க் காய் வாங்கித் திரும்புவது என் வழக்கம். ஓய்வுபெற்ற பிறகு பிடித்துக்கொண்ட பழக்கம் இது. மெட்ரோ வேலைக்காகத் தடுப்பு வைத்ததில் இருந்து சாலை குறுகிவிட்டது. ஒரு கையை விட்டுவிட்டு ஓட்டுகிற சாலை இல்லை அது.

நான் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவள். வெளியே போனால் குளுக்கோஸ் கையோடு இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இதைக் கேட்டு ஒரு மாணவன் அன்போடு ஒரு ஹேண்டில்பார் பை வாங்கி அனுப்பினான். கறுப்பு நிறம், மேலே போன் வைக்கக் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் ஜன்னல், இரண்டு பக்கமும் ஜிப், அதன்மேல் ஒரு கிளிப். பார்க்க நன்றாக இருந்தது. குளுக்கோஸை உள் அறையில் பத்திரமாக வைத்தேன். தப்பு அங்கேதான்.

ஒருநாள் திரும்பி வரும்போது திடீரென்று வியர்த்தது, கை நடுங்கியது. சர்க்கரை இறங்குகிறது என்று புரிந்தது. ஓரமாக ஒரு காம்பவுண்டு சுவர்ப் பக்கம் நிறுத்தினேன். ஒரு கையால் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கிளிப்பை அழுத்தினால் திறக்கவில்லை. இரண்டு கையும் வைத்தேன். ஹேண்டில் திரும்பியது, சைக்கிள் சாய்ந்தது, நானும் கூடவே விழுந்தேன். முட்டியில் சிராய்ப்பு. பக்கத்து டீக்கடைக்காரர் ஓடிவந்து தூக்கிவிட்டு, நிறைய சர்க்கரை போட்டு டீ கொடுத்தார். வீட்டில் இன்றுவரை சொல்லவில்லை. இப்போது படித்துத் தெரிந்துகொள்வார்கள்.

அன்று உட்கார்ந்து யோசித்தேன். இந்தப் பைகளை "ஓட்டும்போதே எடுக்கலாம்" என்று சொல்லித்தான் விற்கிறார்கள். ஆனால் எதை எடுக்க? போனை. எனக்கு அவசரத்தில் வேண்டியது குளுக்கோஸ், தண்ணீர், கைக்குட்டை. போன் அந்தப் பட்டியலிலேயே இல்லை. பையின் மேல்தளம் முழுக்கப் போனுக்கு, குளுக்கோஸ் அடியில்.

முன்பக்கம் எதை வைப்பது என்பதை ஓட்டுகிறவர்தான் முடிவு செய்ய வேண்டும். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தபோது ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றார்கள். அப்போது கலெக்டர் ஷீலா ராணி சுங்கத். பத்திரிகையாளர் பி. சாய்நாத் அதைப் பற்றி எழுதியதில் ஒரு விவரம் என் மனதில் நின்றுவிட்டது. லேடீஸ் சைக்கிள் போதவில்லை என்று ஆண்கள் சைக்கிளை ஓட்டிய பெண்கள், அதுவே வசதி என்றார்களாம். சீட்டிலிருந்து ஹேண்டில் வரை போகிற அந்தக் கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம் அல்லவா! தயாரித்தவர் யாருக்காகத் தயாரித்தாரோ, அந்தப் பெண்கள் தங்கள் தேவையை வைத்துச் சைக்கிளைத் தேர்ந்தெடுத்தார்கள். பையையும் அப்படித்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

நான் விழுந்து எழுந்து கற்றதைப் பாடமாகச் சொல்கிறேன்.

1. கண்ணை மூடித் திறந்து பாருங்கள். சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்தி, கண்ணை மூடி, ஒரே கையால் பையைத் திறந்து வேண்டியதை எடுத்து, திரும்ப வையுங்கள். ஐந்து எண்ணுவதற்குள் முடியவில்லை என்றால் அந்தப் பை வேண்டாம். குனிந்து பார்த்துத் திறக்க வேண்டிய பை, கண்ணைச் சாலையிலிருந்து எடுத்துவிடும்.

2. எந்தக் கை என்று முடிவு செய்யுங்கள். நம்மூர் சைக்கிள்களில் பெரும்பாலும் வலது கை முன் பிரேக், இடது கை பின் பிரேக். ஒற்றைக் கையால் பிடித்துக்கொண்டு முன் பிரேக்கை இறுக்கினால் ஹேண்டில் முறுக்கிக்கொள்ளும். ஆகவே இடது கை பின் பிரேக்கில் இருக்கட்டும், வலது கை பைக்குப் போகட்டும். உங்கள் சைக்கிளில் மாறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

3. மூடியின் மடிப்பு எதிர்ப்பக்கம், அதாவது சாலைப் பக்கம் இருக்க வேண்டும். அப்போதுதான் திறந்தவுடன் பையின் வாய் நம்மைப் பார்க்கும். கையை எடுத்தால் எதிர்க்காற்றே மூடியைத் தள்ளி மூடிவிடும். மடிப்பு நம் பக்கம் இருந்தால் திறந்த மூடி கையை மறிக்கும்.

4. மாட்டிய பிறகு ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள். பிரேக் ஒயரைப் பை நெருக்கக் கூடாது. கம்பி பிரேக் உள்ள பழைய சைக்கிள் என்றால், பட்டையை அந்தக் கம்பியோடு சேர்த்துக் கட்டிவிடாதீர்கள். பெல் கைக்கு எட்ட வேண்டும், விளக்கை மறைக்கக் கூடாது. மேலே இரண்டு பட்டையோடு, கீழே ஹேண்டில் தண்டைச் சுற்றி மூன்றாவது பட்டையும் வேண்டும். இல்லையென்றால் ஒவ்வொரு பள்ளத்திலும் பை குதிக்கும்.

5. பாரம் ஏற்றாதீர்கள். ஹேண்டிலில் இருக்கும் எடை ஹேண்டிலோடு சேர்ந்து திரும்பும். என் கணக்கு ஒன்றரைக் கிலோ. காய்கறிக்கும் பூட்டுக்கும் பின் கேரியர் இருக்கிறது.

"பை எதற்கு டீச்சர், கூடை போதாதா?" என்று கேட்பீர்கள். அரசு தந்த சைக்கிளில் முன் கூடையோடு பள்ளிக்கு வந்த பிள்ளைகள் உங்களில் இருக்கிறீர்கள். புத்தகப் பைக்குக் கூடை மிகவும் நல்லது. ஆனால் சின்னப் பொருள்கள் அதில் உருளும், பள்ளத்தில் வெளியே தாவும், மழையில் நனையும். கூடை வைத்திருப்பவர்கள் அதைக் கழற்ற வேண்டாம். அதன் ஓரத்தில் நான் சொல்லப்போகும் பையைக் கட்டிக்கொள்ளுங்கள்.

போட்டோவில் நீங்கள் பார்த்தது கடையில் வாங்கியதே இல்லை. என் பாட்டி இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பை ஞாபகம் வந்தது. வெற்றிலை, பாக்கு, சில்லறை எல்லாம் அதில். பேசிக்கொண்டே, பார்க்காமலே இரண்டு விரலால் வாயை விரித்து எடுப்பார். ரெயின்கோட் துணியில் அந்த மாதிரி ஒன்று தைத்துத் தரச் சொல்லித் தெருமுனை டைலரிடம் கேட்டேன். தண்ணீர் பாட்டில் நிற்கிற அகலம், வாயில் நாடா, நாடாவில் அழுத்தினால் தளரும் பிளாஸ்டிக் குமிழ், பின்னால் மூன்று பட்டை. இதே அமைப்பில் வெளிநாட்டுக் கம்பெனிகளும் செய்து விற்கின்றன. பாட்டிக்குத் தெரிந்தால் சிரிப்பார். என்னுடையதில் பாட்டில், கைக்குட்டை, உறை பிரித்து ஜிப் கவரில் போட்ட குளுக்கோஸ். அவ்வளவுதான்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். நடுக்கம் வந்தால் ஓட்டிக்கொண்டே சாப்பிடாதீர்கள். இறங்கி உட்காருங்கள். 15 கிராம் குளுக்கோஸ், இல்லையென்றால் மூன்று டீஸ்பூன் சர்க்கரை, பிறகு 15 நிமிடம் பொறுமை. இறங்கிய பிறகும் கை நடுங்கிக்கொண்டுதான் இருக்கும். அந்த நடுங்கும் கையால் திறக்கிற பையாக இருக்க வேண்டும் என்பதுதான் என் வாதம்.

போனைப் பார்த்தபடி வழி தேடித்தான் பிழைப்பு என்றிருக்கும் டெலிவரி பிள்ளைகளை நான் குறை சொல்லவில்லை. அவர்கள் வேலை அப்படி. எனக்கு மாட வீதிக்கு வழி தெரியும். உங்கள் பிள்ளைகளுக்கும் பள்ளிக்கூடத்துக்கு வழி தெரியும். அவர்கள் சைக்கிளில் போன் ஸ்டாண்டு மாட்டித் தராதீர்கள்.

அனுப்பிய மாணவனே, வருத்தப்படாதே. உன் பை பின் கேரியரில் இருக்கிறது. அதற்குள்தான் என் போன், சத்தம் நிறுத்தி. காலை 6 முதல் 7.15 வரை நான் எடுக்க மாட்டேன். அவசரம் என்றால் வீட்டில் சாருக்குப் போடுங்கள். நான் வந்து காபி குடித்துவிட்டுக் கூப்பிடுகிறேன்.

என்றும் அன்புடன்,
உங்கள் டீச்சர்