முன் அனுபவம் தேவையில்லை!

‘எங்கேயும் வேலை கிடைக்கலை... கடைசியில வாத்தியாராப் போயிட்டான்!’

கல்யாணப் பந்தியில், டீக்கடை பெஞ்சில் நீங்களும் கேட்டிருப்பீர்கள். சொல்கிறவருக்கு அது கிண்டல். எனக்கு அது தகுதிச் சான்றிதழாகப் படுகிறது. நாலு இடத்தில் வேலை பார்த்து, நாலு பேரிடம் திட்டு வாங்கிவிட்டு வந்தவர் வகுப்பில் நின்றால் பிள்ளைகளுக்கு லாபம்!

பி.காம் படிக்கும்போது எங்களுக்குக் கணக்குப்பதிவியல் எடுத்தவர், அதற்கு முன்பு ஒரு மண்டியில் கணக்குப்பிள்ளை. ‘வாராக்கடன்’ பாடத்துக்கு அவர் புத்தகத்தையே திறக்கவில்லை. பாக்கி வசூலிக்க வெயிலில் சைக்கிள் மிதித்துப் போனது, கடைக்காரர் உள்ளே உட்கார்ந்துகொண்டே ‘அப்பா ஊர்ல இல்லை’ என்று பையனை விட்டுச் சொல்லச் சொன்னது, கடைசியில் அந்தப் பாக்கியைப் பேரேட்டில் நஷ்டம் என்று எழுதும்போது முதலாளியின் முகம் போன போக்கு... எல்லாம் சொன்னார். பரீட்சைக்கு உருப்போட்டதெல்லாம் மறந்துபோச்சு. வாராக்கடன் மட்டும் மறக்கவில்லை.

குஜராத்தின் கிஜுபாய் பதேகா தெரியுமா? வக்கீலாக இருந்தவர். 1916-ல் அந்தத் தொழிலை விட்டுவிட்டு, பாவ்நகரில் கல்விப் பணிக்கு வந்தார். பிரம்பையும் மனப்பாடத்தையும் ஓரங்கட்டி, கதையும் விளையாட்டுமாகப் பாடம் நடத்த முடியும் என்று காட்டினார். அவருடைய ‘பகல் கனவு’ தமிழிலும் கிடைக்கிறது. வாங்கிப் படியுங்கள்.

நம் ஊரில் என்ன நடக்கிறது? 2014-ல் பட்டதாரி ஆசிரியர்களைத் தேர்வு செய்ய ‘வெயிட்டேஜ்’ என்று ஒரு கணக்குப் போட்டார்கள். தகுதித் தேர்வுக்கு 60, பட்டப்படிப்புக்கு 15, பி.எட்-டுக்கு 15, பிளஸ் டூ-வுக்கு 10. ஆக மொத்தம் 100. பதினேழு வயதில் வாங்கிய மார்க்குக்குக் கூட பத்து உண்டு. அதற்குப் பிறகு பத்து வருஷம் ஒருத்தர் உழைத்த உழைப்புக்கு? முட்டை! 2018-ல் அந்த முறையைக் கைவிட்டு, தனியாகப் போட்டித் தேர்வு என்றார்கள். முட்டை மட்டும் அப்படியே இருந்தது.

2020-ல் இன்னொரு கூத்து. பொதுப்பிரிவினருக்கு 40 வயதுக்கு மேல் ஆசிரியர் வேலை கிடையாது என்று கதவைச் சாத்தினார்கள். 2023-ல் அதை 53 ஆக்கினார்கள். சபாஷ். கதவு திறந்தாச்சு. ஆனால் உள்ளே வருகிறவர் கையில் என்ன கொண்டுவருகிறார் என்று யாராவது கேட்கிறார்களா?

‘அப்போ சேல்ஸ்மேன் எல்லாரும் வாத்தியாரா சார்?’ என்று கோபப்படாதீர்கள். பி.எட் வேண்டும், பரீட்சையும் வேண்டும். வேறு போக்கிடம் இல்லாமல் வந்து, சம்பளத்துக்கு நாற்காலி தேய்க்கிறவர் எத்தனை வேலை பார்த்திருந்தாலும் பிரயோஜனமில்லை. பள்ளிப் பிள்ளைகளை வேலைக்கு அனுப்புங்கள் என்றும் நான் சொல்லவில்லை.

ஆனால், விடிகாலையில் பேப்பர் போட்டுவிட்டு வருகிற பையன் முதல் பீரியடில் தூங்கி விழுகிறான் என்று வையுங்கள். மார்க் ஒன்றையே பார்த்து வளர்ந்தவருக்கு அவன் சோம்பேறி. தானும் பேப்பர் போட்டுப் படித்தவருக்கு அவன் எத்தனை மணிக்கு எழுந்தான் என்பது தெரியும். முதலாமவர் அவனை வெளியே நிறுத்துவார். இரண்டாமவர் முகம் கழுவிட்டு வரச் சொல்வார். அந்தப் பையன் பத்தாம் வகுப்பைத் தாண்டுவதும் நின்றுபோவதும் சில சமயம் இந்த ஒரு வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

அதனால் கேட்கிறேன். தேர்வில் ஐந்து மார்க்காவது அனுபவத்துக்கு ஒதுக்குங்கள். பி.எட் படிக்கும்போதே பட்டறையிலோ, வங்கியிலோ, வயலிலோ இரண்டு மாசம் வேலை பார்க்க வையுங்கள்.

‘இந்தக் காலத்துப் பசங்களுக்கு உலகமே தெரியலை’ என்று அலுத்துக்கொள்கிறோமே... முதலில் உலகம் தெரிந்தவரை வகுப்புக்குள் விடுங்கள் சார்!